மதீனத்துச் சிறுவர்களும் போட்டிக் களமும்

மதீனாவில் பனூ ஸுரைக் குலத்தாருக்கு ஒரு பள்ளிவாசல் இருந்தது. உயரமில்லாத சுவர்களைக் கொண்ட பள்ளி. அதன் பெயர் ஹதீஸ் நூல்களில் நிலைபெற்றதற்குக் காரணம் அங்கு நிகழ்ந்த உரையோ தீர்ப்போ அன்று. ஒரு குதிரைப் பந்தயம். நபி (ஸல்) அவர்கள் நடத்திய பந்தயத்தின் முடிவெல்லையாக அப்பள்ளிவாசல் அமைந்தது. அதில் குதிரையேறிய இளைஞர் ஒருவர், தாம் முந்தி வந்ததையும், எல்லையை அடைந்த பின்னும் நில்லாத குதிரை தம்மைச் சுமந்தபடியே பள்ளிவாசலின் சுவரைத் தாவியதையும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் அப்துல்லாஹ் பின் உமர் (ரலி).

இப்னு உமர் (ரலி) அவர்களை நாம் எவ்வாறு அறிந்திருக்கிறோம்? நபி (ஸல்) அவர்களின் அடிச்சுவட்டை அணுவளவும் பிசகாமல் பின்பற்றியவர். இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நபிமொழிகளை நமக்குக் கொண்டு சேர்த்தவர். பதவியை நாடாதவர், உலகப் பற்று இல்லாதவர். மத்ரஸாக்களில் அவர் பெயர் உச்சரிக்கப்படும்போது, வெண்தாடியும் கண்ணீரும் கொண்ட ஒரு முதியவரின் உருவமே மாணவர் மனத்தில் எழுகிறது. நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவருக்கு வயது இருபதும் சொச்சமுமே என்பது நினைவுக்கு வருவதில்லை. அந்த முதியவரின் நெஞ்சில், ஓர் இளைஞன் குதிரையின் பிடரியைப் பற்றிக்கொண்டு சுவரைத் தாண்டிய கணம் அழியாமல் இருந்திருக்கிறது. ஹதீஸ் கேட்க வந்தவர்களிடம் பந்தயத்தின் சட்டத்தை மட்டும் சொல்லி அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, தாம் முந்தி வந்ததையும் சேர்த்தே சொன்னார்.

இதனை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டியதும், பந்தும் மட்டையும் பரணில் ஏறிவிடுகின்ற வீடுகள் நம்மிடையே அதிகம். பள்ளிக்கூட அணியில் தேர்வு பெற்றுவிட்டதாக மகன் மகிழ்ந்து வந்து சொன்னால், அதனால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். சிலர் அக்கேள்வியை மார்க்கத்தின் பெயராலேயே கேட்கின்றனர். விளையாட்டு ஆகுமா ஆகாதா என்னும் ஃபத்வாவைத் தருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்கு நூல்களும் ஆலிம்களும் உண்டு. வளரும் வயதில் பலர் முன்னிலையில் போட்டியிட்டு வென்றதும் தோற்றதும் அந்த முதல் தலைமுறையின் பிள்ளைகளுக்கு என்னவாக இருந்தன என்பதை வரலாற்றிலிருந்து பார்ப்பதே நம் விருப்பம்.

முதலில் அந்தப் பந்தயத்தின் ஒழுங்கைக் கவனிப்போம். நபி (ஸல்) அவர்கள் எல்லாக் குதிரைகளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடவில்லை. அரபியர் பந்தயக் குதிரையைத் தயார் செய்வதற்கு ஒரு முறை வைத்திருந்தனர். முதலில் தீனி மிகுதியாகக் கொடுத்துக் கொழுக்கச் செய்வர். பின்னர் தீனியை உயிர் நிலைப்பதற்குப் போதிய அளவுக்குக் குறைத்து, கொட்டிலில் கட்டி, மேலே துணிகளைப் போர்த்தி வியர்க்க விடுவர். வியர்வை வற்றி, தசை இறுகி, மூச்சு நீளும். இவ்வாறு பக்குவம் பெற்ற குதிரைகளுக்கு அல்ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். ஐந்து அல்லது ஆறு மைல். பக்குவம் பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல். இப்னு உமர் (ரலி) ஓடியது இந்த இரண்டாவது ஓட்டத்தில்.

வசதியுள்ளவனின் குதிரையே கொட்டிலும் போர்வையும் கண்டிருக்கும். அதற்கு வாய்ப்பில்லாதவனைக் கொண்டுபோய் அதனோடு நிறுத்தித் தோற்கடிப்பதில் எவருக்கும் எந்தப் பாடமும் இல்லை. ஒத்தவனோடு ஒத்தவனை நிறுத்தினால்தான் தோல்விக்கும் பொருள் உண்டு, வெற்றிக்கும் மதிப்பு உண்டு. எடை வாரியாகவும் வயது வாரியாகவும் இன்று பிரிக்கிறார்களே, அந்த நீதி ஒரு மைலுக்கும் ஆறு மைலுக்கும் இடையிலேயே இருக்கிறது. (இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைக் குதிரைகளைப் பற்றிய இடத்தில் மட்டுமன்றித் தொழுகைப் பகுதியிலும் வைத்திருக்கிறார்கள். ஒரு பள்ளிவாசலை ஒரு குலத்தின் பெயரால் அழைக்கலாம் என்பதற்கு அங்கே இது சான்றாகிறது. தெருப் பெயராலும் ஊர்ப் பெயராலும் பள்ளிகளை அழைக்கும் நமக்கு ஒரு குதிரைப் பந்தயம் ஆதாரமாகியிருக்கிறது.)

இப்னு உமருக்குத் தந்தை இருந்தார்; அதுவும் உமர் (ரலி) போன்ற தந்தை. இனி நாம் பார்க்கப்போகும் சிறுவருக்கு அந்த நிழல் இல்லை.

சமுரா பின் ஜுன்துப் (ரலி) ஃபஸாரா குலத்தைச் சேர்ந்தவர். மதீனாவின் மண்ணைச் சேர்ந்தவரல்லர். தந்தையை இழந்த அவரை அழைத்துக்கொண்டு தாயார் மதீனா வந்தார். அப்பெண்மணியை மணக்க விரும்பிப் பலர் கேட்டபோது, இந்த அநாதைப் பிள்ளை ஆளாகும் வரை பொறுப்பேற்பவரையே மணப்பேன் என்று நிபந்தனை வைத்தார். அன்ஸாரிகளில் ஒருவர் அதனை ஏற்று மணந்தார். அவர் முரைய் பின் ஸினான். அபூ ஸஈத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் தந்தையுடைய சகோதரர். ஆக, சமுரா வளர்ந்தது பிறர் வீட்டில், பிறர் குலத்தில், ஒரு நிபந்தனையின் கீழ். அத்தகைய பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். சாச்சா வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒட்டிக்கொண்டு வளரும் பிள்ளைகள், பேர் சொல்லி அழைக்கப்படுவதற்குக்கூடக் காத்திருப்பவர்கள்.

ஆண்டுதோறும் நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரிகளின் வளரிளம் பிள்ளைகளைப் பார்வையிடுவார்கள். படைக்குத் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஹிஜ்ரி 3இல் உஹுதுக்குப் புறப்பட்டபோது ராஃபிஉ பின் கதீஜ், சமுரா இருவரும் பதினைந்து வயதினர். இருவரையும் முதலில் திருப்பிவிட்டார்கள். ராஃபிஉ நல்ல வில்லாளி என்று எடுத்துச் சொல்லப்பட்டதும் அவருக்கு அனுமதி கிடைத்தது. உயரமாகத் தெரிய வேண்டுமென்று ராஃபிஉ காலுறையணிந்த கால்களின் நுனியில் எம்பி நின்றதாகவும் வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதுகிறார். அளவெடுக்கும் இடத்தில் குதிகாலைத் தூக்கும் பையனை எல்லாக் காலத்து ஆசிரியர்களும் அறிவார்கள்.

சமுரா நின்றுவிட்டார். அங்கே அவர் கேட்ட கேள்விதான் நமக்கு முக்கியம். இவரை ஏற்றுக்கொண்டீர்கள், என்னைத் திருப்பிவிட்டீர்கள். நான் இவரோடு மல்யுத்தம் செய்தால் இவரைக் கீழே தள்ளிவிடுவேனே என்றார். அவரே நேரில் சொன்னதாக ஓர் அறிவிப்பு. வளர்ப்புத் தந்தையிடம் முறையிட்டு அவர் வழியாகச் சொன்னதாக மற்றோர் அறிவிப்பு. சமுரா தாமே சொல்லும் அறிவிப்பில் எதிராளியின் பெயர் இல்லை; வரலாற்று நூல்கள் அவரை ராஃபிஉ என்று குறிக்கின்றன. எவ்வாறாயினும் நபி (ஸல்) அவர்கள் தந்த விடை ஒன்றே: மல்யுத்தம் செய் என்றார்கள். சமுரா எதிராளியைத் தள்ளினார். அனுமதி கிடைத்தது.

அதே நாளில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சமுராவின் வளர்ப்புத் தந்தையுடைய சகோதரர் மாலிக் பின் ஸினான் (ரலி), பதின்மூன்று வயதான தம் மகன் அபூ ஸஈதின் கையைப் பிடித்துக் காட்டி, இவன் எலும்பு தடித்தவன் என்று பரிந்துரைத்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பெற்ற தந்தையின் பரிந்துரை அங்கே போதவில்லை. தகப்பனற்ற பிள்ளை தன் தோள்வலியைக் காட்டியது போதியதாயிற்று. வம்சம், வீடு, சிபாரிசு எதுவும் துணைக்கு வராத சில அடி மண்ணை அன்று அந்த அநாதைச் சிறுவருக்கு நபி (ஸல்) அவர்கள் தந்தார்கள். வளரும் வயதில் போட்டிக் களம் ஒரு பிள்ளைக்குத் தரக்கூடியவற்றுள் இதுவே தலையாயது என்று நாம் கருதுகிறோம். நீ யாருடைய மகன் என்று கேட்காமல், உன்னால் என்ன முடியும் என்று மட்டும் கேட்கும் இடம் ஒரு சிறுவனுக்கு வேறு எங்கே கிடைக்கிறது? வீட்டில் கிடைப்பதில்லை. வகுப்பறையிலும் எப்போதும் கிடைப்பதில்லை; ஆசிரியர்களாகிய நாமே அதற்குச் சாட்சி.

இன்னொன்றும் உண்டு. மல்யுத்தத்தில் தோற்ற பிள்ளை திருப்பி அனுப்பப்படவில்லை. சமுரா உள்ளே வந்ததால் ராஃபிஉ வெளியே போகவில்லை. வில்லாளி என்னும் அவருடைய தகுதி அப்படியே நின்றது. ஒருவன் வென்றால் மற்றவனுக்கு இடமில்லை என்று பழகிப்போன நமக்கு இது வியப்பாக இருக்கலாம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. இது படைக்கு ஆள் சேர்த்த நாள். ஊரே தாக்குதலுக்கு உள்ளான நேரம். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது போரை அன்று, பொழுதுபோக்கும் அன்று; ஒரு சிறுவனின் முறையீடு எவ்வளவு நேர்மையாகக் கேட்கப்பட்டது என்பதை மட்டுமே. பிள்ளைகளைப் படையில் சேர்ப்பதில் அவசரம் இருந்திருந்தால் அத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யார் யார் என்று பாருங்கள். உஸாமா பின் ஸைத், அப்துல்லாஹ் பின் உமர், ஸைத் பின் ஸாபித், பராஉ பின் ஆஸிப், அம்ர் பின் ஹஸ்ம், உஸைத் பின் ளுஹைர் (ரலி - அன்ஹும்). இப்னு ஹிஷாமின் வரலாற்று நூலில் இப்பெயர்கள் உள்ளன. குர்ஆனை ஒன்றுதிரட்டும் பெரும்பணியை ஏற்ற ஸைத் பின் ஸாபித் அந்த வரிசையில் நின்று, வேண்டாம் போ என்று கேட்டவர். படைத் தலைவராக நியமிக்கப்படவிருந்த உஸாமாவும் கேட்டவர். தந்தை கையைப் பிடித்து அழைத்துச் சென்ற அபூ ஸஈத் அதே உஹுதில் தந்தையை இழந்தார். பின்னர் மதீனாவின் பெரும் அறிஞர்களுள் ஒருவரானார்.

இப்னு உமர் (ரலி) இந்த நிராகரிப்பையும் மறக்கவில்லை. உஹுதின்போது எனக்குப் பதினான்கு வயது, அனுமதிக்கவில்லை. அகழ்ப் போரின்போது பதினைந்து வயது, அனுமதித்தார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். (உஹுத் ஹிஜ்ரி 3, அகழ் ஹிஜ்ரி 5, இரண்டு ஆண்டு இடைவெளியில் வயது ஒன்றுதானா கூடும் என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். முன்னதில் பதினான்கின் தொடக்கம், பின்னதில் பதினைந்து முடிந்த நிலை என்பது அறிஞர்களின் விளக்கம்.) அவருடைய மாணவர் நாஃபிஉ, இச்செய்தியைக் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் சொன்னார். சிறியவருக்கும் பெரியவருக்கும் இடைப்பட்ட எல்லை இதுவே என்று கூறிய கலீஃபா, பதினைந்து வயதை அடைந்தவர்களுக்கு உதவித்தொகை நிர்ணயிக்குமாறு ஆளுநர்களுக்கு எழுதினார். பருவ அடையாளங்கள் தோன்றாதவருக்குப் பதினைந்து வயதே எல்லை என்று ஷாஃபிஈ மத்ஹபில் ஓதுகிறோமே, அதற்கும் ஆதாரம் இதுதான். ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபாவின் கருத்து வேறு. அவருடைய இரு மாணவர்களின் கருத்து பதினைந்தே. ஒரு பதினான்கு வயதுப் பையனின் ஏமாற்றம் மார்க்கச் சட்டத்தில் ஓர் எல்லைக் கல்லாகியிருக்கிறது.

களத்தில் நிற்பவனைப் போலவே களத்தின் ஓரத்தில் நிற்பவனும் பிள்ளையின் நினைவில் பதிகிறான். இதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அஸ்லம் குலத்தார் அம்பெய்யும் போட்டியில் இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். இஸ்மாயீலின் மக்களே எய்யுங்கள், உங்கள் தந்தையும் வில்லாளிதான் என்று ஊக்கப்படுத்தி, நான் இன்னார் பக்கம் என்றும் சொன்னார்கள். உடனே எதிரணியினர் கைகளை நிறுத்திவிட்டனர். ஏன் எய்யவில்லை என்று கேட்டபோது, தாங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எவ்வாறு எய்வது என்றனர். எய்யுங்கள், நான் உங்கள் எல்லாருடனும் இருக்கிறேன் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.

ஒரு பெரியவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மறுபக்கத்தின் கைகள் தளர்ந்துவிடுகின்றன. அவர் வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. அன்பினால் சொன்ன ஒரு சொல் போதும். தளர்ந்த கைகளைக் கண்டதும் நபி (ஸல்) அவர்கள் காரணம் கேட்டார்கள், கேட்டுச் சரிசெய்தார்கள். மைதானத்தின் கோட்டருகே நின்று மகனின் ஒவ்வொரு தவற்றுக்கும் கூச்சலிடும் வாப்பாக்களையும், இரு மகன்களில் கோப்பை கொண்டுவந்தவனை மட்டும் விருந்தினருக்கு அறிமுகம் செய்யும் வீடுகளையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த மற்றொரு மகனின் கை எப்போதோ வில்லிலிருந்து இறங்கியிருக்கும்.

இந்த நிகழ்ச்சியை அறிவிப்பவர் ஸலமா பின் அல்அக்வஉ (ரலி). அவரே பெரிய ஓட்டக்காரர். தூ கரத் என்னும் இடத்தில் ஒட்டகங்களைக் கவர்ந்து சென்ற கொள்ளையரைக் கால்நடையாகவே விரட்டி மீட்டவர். திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் தம் ஒட்டகமான அள்பாவில் அவரைப் பின்னே ஏற்றிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஓட்டத்தில் தோற்றே அறியாத அன்ஸாரி ஒருவர் இருந்தார். மதீனா வரை ஓட யாராவது உண்டா என்று அவர் திரும்பத் திரும்ப அறைகூவினார். பெரியவர்கள் என்ற மரியாதை கிடையாதா என்று ஸலமா கேட்டதற்கு, அல்லாஹ்வின் தூதரைத் தவிர வேறு எவருக்கும் கிடையாது என்றார் அவர். ஸலமா அனுமதி கேட்டார். விரும்பினால் போ என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அவர் ஒட்டகத்திலிருந்து குதித்து ஓடினார்.

எவ்வாறு ஓடினார் என்பதை அவரே விவரித்திருக்கிறார். தொடக்கத்தில் ஒன்றிரண்டு மேடுகள் வரை தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டு, மூச்சைச் சேமித்தபடி பின்தொடர்ந்தார். பின்னர் வேகத்தைக் கூட்டினார். எட்டிப் பிடித்ததும் அந்த அன்ஸாரியின் இரு தோள்களுக்கிடையே ஒரு தட்டுத் தட்டி, தோற்றுவிட்டாய் என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்றார் அவர்! தோற்றே அறியாதவர் முதன்முதலாகத் தோற்கும்போது சொன்ன சொல் இது. சண்டை இல்லை, சாக்கு இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் இந்த நீண்ட ஹதீஸைப் பாடம் நடத்தும்போது, வகுப்பு சிரித்துவிடும் இடம் இதுதான். மூச்சைச் சேமித்து வைப்பது பற்றி நாம் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஓடிப் பழகிய பிள்ளைகள் புரிந்துகொண்டு தலையசைப்பார்கள். ஓடாத பிள்ளைகள் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

அதே அள்பாவும் ஒருநாள் தோற்றது. முந்த முடியாத ஒட்டகம் என்று பெயர் பெற்றிருந்த அதனை, பாலைவனத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். நபித்தோழர்களுக்கு அது மிகவும் கடினமாயிற்று, முகத்திலேயே தெரிந்தது. உலகில் எது உயர்ந்தாலும் அதனைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மறுபந்தயம் வைத்ததாகவோ, அந்த அரபியைக் கடிந்துகொண்டதாகவோ அந்த அறிவிப்பில் இல்லை.

பெண்மக்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. பயணத்தில் நபி (ஸல்) அவர்களோடு ஓடி ஒருமுறை அவர் வென்றார். பின்னாளில் உடல் கனத்தபோது நபி (ஸல்) அவர்கள் வென்று, அதற்கு இது ஈடு என்றார்கள். அவரும் அந்த ஓட்டங்களை மறக்கவில்லை. தோற்றதையும் தம் வாயாலேயே சொன்னார்.

மேடைகளில் இத்தலைப்பில் பேசுவோர் ருகானாவை நபி (ஸல்) அவர்கள் மல்யுத்தத்தில் வென்றதைத்தான் முதலில் எடுப்பார்கள். திர்மிதீ இமாமே அதன் அறிவிப்பாளர் தொடர் உறுதியானதன்று என்று எழுதியிருக்கிறார்கள். உறுதியான செய்திகள் இத்தனை இருக்க, அதில் சாய வேண்டிய தேவை நமக்கு இல்லை. பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் கற்றுக்கொடுங்கள் என்னும் சொல்லும் நபிமொழியாகவே சுவரொட்டிகளில் வலம் வருகிறது. அது உமர் (ரலி) அவர்கள், ஷாமில் இருந்த அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளது: உங்கள் சிறுவர்களுக்கு நீச்சலையும், உங்கள் வீரர்களுக்கு அம்பெய்தலையும் கற்றுக்கொடுங்கள் என்று.

அக்கடிதத்தின் பின்பகுதியைச் சுவரொட்டிகள் சொல்வதில்லை. கட்டளைப்படி மக்கள் இலக்குகளுக்குச் சென்று பயிற்சி செய்தார்கள். அப்போது எங்கிருந்தோ வந்த ஓர் அம்பு ஒரு சிறுவனைத் தாக்கிக் கொன்றுவிட்டது. அவன் தாய்மாமனின் பொறுப்பில் வளர்ந்தவன். தந்தை வழி உறவினர் எவரும் அறியப்படவில்லை. உயிரீட்டுத் தொகையை யாரிடம் ஒப்படைப்பது என்று அபூ உபைதா (ரலி) எழுதிக் கேட்டார். வேறு வாரிசு இல்லாதவனுக்குத் தாய்மாமனே வாரிசு என்னும் நபிமொழியை உமர் (ரலி) பதிலாக எழுதினார். பயிற்சியை நிறுத்துமாறு அந்த அறிவிப்பில் எதுவும் இல்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் உயிர், அதுவும் கேட்பாரற்ற பிள்ளையின் உயிர், கணக்கில் வராமல் போகவில்லை. ஷாமுக்கும் மதீனாவுக்கும் இடையே கடிதங்கள் சென்றன. தலைக்கவசம் இல்லாமலும், ஆழம் பார்க்காமலும், முதலுதவி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமலும் போட்டிகள் நடத்தும் ஜமாஅத் இளைஞர்கள் இந்தச் சிறுவனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரிசுப் பணம் பற்றி ஒரு வார்த்தை. ஆட்சியாளரோ வெளியார் ஒருவரோ தரும் பரிசில் வேறு; போட்டியிடுவோர் எல்லாரும் பணம் கட்டி, வென்றவர் அதனை அள்ளிச் செல்வது வேறு. பின்னதைச் சூதாட்டத்தின் வகையாகவே பெரும்பாலான அறிஞர்கள் காண்கின்றனர். நுழைவுக் கட்டணம் வாங்கி அதிலிருந்தே பரிசு தரும் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புமுன் உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. தொழுகை நேரத்தை விழுங்கும் இறுதிப் போட்டிகளைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சபக் என்னும் சொல்லை நம் மத்ரஸாக்களில் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஹிஃப்ழ் பிள்ளை அன்றன்று ஒப்புவிக்கும் புதிய பாடம் அது. முந்துதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் அதே மூன்று எழுத்துகள். பந்தயப் பரிசுக்கும் அரபியில் அதுவே பெயர். எம்மிடம் ஓதும் பிள்ளைகளில், மாலையில் அஸருக்குப் பின் மைதானத்தில் தோற்றுப் பழகியவர்களை நாம் கவனித்திருக்கிறோம். ஒப்புவிக்கும்போது தடுமாறி, நாளை மீண்டும் வா என்று திருப்பி அனுப்பினால், அவர்கள் முகம் வாடும், மறுநாள் வருவார்கள். எப்போதும் வென்றே வளர்க்கப்பட்ட சில பிள்ளைகள் முதல் திருத்தத்திலேயே குர்ஆனை மூடி வைத்துவிட்டு அழுவதையும் கண்டிருக்கிறோம். எல்லாப் பிள்ளைகளும் இப்படி என்று விதி எழுதுவதற்கில்லை. விளையாடாத பிள்ளைகளிலும் உறுதி மிக்கவர்கள் உண்டு. ஆனால் பந்து பரணில் ஏறும்போது அதனோடு வேறு எது ஏறுகிறது என்று பெற்றோர் ஒரு கணம் எண்ணலாம் அல்லவா?

மல்யுத்தம் செய்த அந்த இருவரும் என்ன ஆனார்கள் என்று கேட்கத் தோன்றும். சமுரா (ரலி) பஸராவுக்குச் சென்றார். அங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். பல நபிமொழிகளை அறிவித்தார். அநாதையாக வந்து அன்ஸாரிச் சிறுவர்களின் வரிசையில் நின்று கேட்ட அந்தக் கேள்வியைத் தம் வாயாலேயே பின்வந்தோருக்குச் சொல்லிவைத்தார்.

ராஃபிஉ (ரலி) மதீனாவிலேயே வாழ்ந்தார். உஹுதில் (ஹுனைனில் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு) அவர் உடலில் அம்பு பாய்ந்தது. அம்பை உருவிவிட்டு முனையை அப்படியே விட்டுவிட அவர் சம்மதித்தார். மறுமையில் அவருக்காகச் சாட்சி சொல்வதாக நபி (ஸல்) அவர்கள் வாக்களித்திருந்தார்கள். அந்த இரும்பு முனையை உடலில் சுமந்தபடியே அவர் பல பதின்மங்கள் வாழ்ந்தார்.

அதற்கிடையே ஒருநாள் இப்னு உமர் (ரலி) அவரைத் தேடி வந்தார். இப்னு உமர் தம் நிலங்களைக் குத்தகைக்கு விட்டுவந்தவர். நிலக் குத்தகை பற்றி ராஃபிஉ ஒரு நபிமொழியைச் சொல்வதாகக் கேள்விப்பட்டு, நாஃபிஉவையும் அழைத்துக்கொண்டு அவரிடமே சென்று விசாரித்தார். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தம் நிலங்கள் எவ்வாறு குத்தகைக்கு விடப்பட்டன என்பது அவருக்குத் தெரியும், அதனையும் சொன்னார். ஆயினும், தாம் அறியாத ஏதேனும் தடை பின்னர் வந்திருக்கக்கூடும் என்று அஞ்சிக் குத்தகையையே விட்டுவிட்டார். உஹுதின் வரிசையில் ஒருவர் ஏற்கப்பட்டவர், மற்றவர் திருப்பி அனுப்பப்பட்டவர். திருப்பி அனுப்பப்பட்டவர், ஏற்கப்பட்டவரின் வாயிலுக்கு மாணவராக வந்து நின்றார்.

முதுமையில் ராஃபிஉவின் பழைய காயம் திறந்துகொண்டது. அதிலேயே அவர் மறைந்தார். ராஃபிஉவின் ஜனாஸாவில், சந்தூக்கின் முன்பக்கத்து இரு கம்புகளையும் தம் தோள்களில் ஏந்தியபடி கப்ர் வரை நடந்து சென்ற ஒரு முதியவரைத் தாம் கண்டதாக யூஸுஃப் பின் மாஹக் சொல்கிறார். அந்த முதியவர் இப்னு உமர் (ரலி).